இன்றைய நடை முடிந்தது

படத்தின் நான்கு திருகாணிகளில் மூன்று சமர்த்தாகக் கழன்றுவிட்டன. நான்காவது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் ஸ்டூலின் மேல் நின்று, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டாள். முதுகுக்குப் பின்னால் டிரெட்மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அந்த ஜிம்மில் காலையில் பாட்டு நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை முதலாளி யாரையாவது திட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"கோச், படத்த மாத்தப் போறீங்களா?" என்று கீழேயிருந்து ஒரு பெண் கேட்டாள். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, நிஜமான ஆவலோடு கேட்டாள். "உங்க அம்மா இன்னும் எடை குறைஞ்சுட்டாங்களா?"

"ஆமா," என்றாள் அவள். "இன்னும் குறைஞ்சுட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் அதுதான் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் அம்மாவின் உடலைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றியபோது, அங்கிருந்த ஊழியர் துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒரே ஆளாகத் தூக்கி வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் மாறுவதையும், முதலாளி அவள் தோளைத் தொட்டுக் காதில் ஏதோ சொல்வதையும் அவள் மேலேயிருந்து பார்த்தாள். பிறகு முதலாளியே வந்து நான்காவது திருகாணியைக் கழற்றிக் கொடுத்தார். படத்தைக் காரின் பின் இருக்கையில் சாய்த்து வைத்து, அது சரியாமல் இருக்க சீட் பெல்ட்டைக் குறுக்கே மாட்டிவிட்டார்.

வீட்டில் அம்மாவின் தலைமாட்டில் வைக்க உருப்படியான படம் ஒன்றுகூட இல்லை என்று பெரியம்மா போனில் சொல்லியிருந்தாள். இருந்தவற்றில் எல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், இல்லையென்றால் யாருடைய தோளுக்காவது பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். குண்டாக இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்கிற விதம் அது. ஜிம் படம் மட்டும்தான் நேராகப் பார்த்து எடுத்தது. அந்த நேரத்தில் பிரிண்ட் போடுகிற கடை எதுவும் திறந்திருக்காது. ஜிம்தான் விடிவதற்கு முன்பே திறக்கும்.

அது ஒரு படம் இல்லை, இரண்டு. இடது பாதியில் பழைய அம்மா, கன்னமும் வயிறுமாக, எதற்கோ சிரிப்பை அடக்க முடியாமல். வலது பாதியில் புது அம்மா, இடுப்பில் கைவைத்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து. நடுவில் ஒரு அம்புக்குறி. கீழே கொட்டை எழுத்தில், "இவரால் முடிந்தது. உங்களால்?" அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜிம்மில் சேர்ந்தவர்கள் பலர். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த பிறகும் அது சுவரிலேயே இருந்தது. எடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எடுக்கட்டுமா என்று கேட்க முதலாளிக்கும் வரவில்லை.

அவள் அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தபோது பயிற்சி கொடுக்க ஒரு ஆள் கூட இல்லை. கிடைத்த முதல் ஆள் அம்மா. மூட்டுவலி, மூச்சிரைப்பு, மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியோடு பேசுவது. அவள் அம்மாவை உட்காரவைத்துப் பாடமே எடுத்தாள். உடம்பு என்பது ஓர் அடுப்பு. உள்ளே போடுவதை அது எரிக்கிறது. கூடப் போட்டால் எரியாதது சேர்ந்துபோகும். நடந்தால் நெருப்பு ஏறும். அம்மா கன்னத்தில் கைவைத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிவில், "அப்போ என் அடுப்புல சாம்பல் அள்ளி ரொம்ப நாளாச்சுன்னு சொல்ற," என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஜிம்முக்குக் கிளம்பும் முன் ஒரு நீல டப்பாவை நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். அவித்த முட்டை, அவித்த காய், வெள்ளரி, உப்பில்லாத கடலை. அம்மாவின் மதியச் சாப்பாடு அது. சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பாவுக்கு. இரவு வந்து பார்த்தால் நீல டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கும். அம்மாவின் கையில் நடையை எண்ணுகிற வாட்ச் ஒன்றையும் வாங்கிக் கட்டிவிட்டாள். சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் பூங்காவுக்குப் போய் நடப்பார்கள். அவள் ஜிம்மில் யாருக்காவது குந்தி எழச் சொல்லிக்கொடுக்கும்போது அவளுடைய போன் அதிரும். அம்மா. இன்றைய நடை முடிந்தது. கீழே கைதட்டுகிற இரண்டு கைகள் இருக்கும். அதை அழுத்தினால் அம்மாவின் மணிக்கட்டில் வாட்ச் அதிருமாம். தினமும் அழுத்துவாள். வீட்டுக்கு வந்ததும் கைதட்டு வந்ததா என்று கேட்பாள். வந்ததே, கையே கூசிப்போச்சு என்பாள் அம்மா.

எடை குறைந்தது. சட்டென்று இல்லை, ஆனால் நிற்காமல் குறைந்தது. ஒவ்வொரு வாரமும் எடைப் பொறியில் அம்மா ஏறி நிற்க, அவள் குனிந்து பார்த்து, நிமிர்ந்து அம்மாவைக் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்ட கைகளுக்கு முதுகெலும்பு தட்டுப்பட்டதையும் அவள் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அசதியாக இருக்கிறது என்று அம்மா சொன்னபோது டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான். அவர் பழைய எடையையும் புது எடையையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சாப்பாட்டுல எதையும் குறைக்காமலே எடை இறங்குச்சாம்மா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இல்ல டாக்டர், டயட்ல இருக்காங்க. நடையும் உண்டு. எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்."

அப்போ சரி என்று டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சத்து மாத்திரை எழுதினார். அம்மா மூலையில் இருந்த எடைப் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கண்ணில் மஞ்சள் ஏறியபோது எடுத்த ஸ்கேனில் கணையத்தில் கட்டி என்று வந்தது. வெகுநாளாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி.

படத்தோடு அவள் வீட்டுக்குப் போனபோது அம்மாவைக் கொண்டுவந்த வண்டி முன்பே வந்துவிட்டிருந்தது. கூடத்தில் மேசையையும் நாற்காலிகளையும் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா படத்தை வாங்கி, அம்மாவின் தலைமாட்டில் சுவரில் சாய்த்து, தள்ளி நின்று பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து இடது பாதியை மூடினாள். இப்போது ஒல்லியான அம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அப்பா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவர் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடையில் வேலை செய்பவர். நாளெல்லாம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, ஏற்றின வண்டியையும் இறக்கின வண்டியையும் பார்த்துப் பார்த்து, பேச்சைச் சுருக்கிக்கொண்டவர். துண்டை எடுத்து வலது பாதியின் மேல் போட்டார். குண்டு அம்மா சிரித்தாள்.

"எதுக்கு அந்தப் பழைய மூஞ்சி?" என்றாள் பெரியம்மா.

"இதுலதான் சிரிக்கிறா," என்று சொல்லிவிட்டு அப்பா போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கால்சட்டை பெல்ட்டுக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாகத் தொங்கியது. பெண்டாட்டிக்கு முடியாமல் போனதிலிருந்து மனுஷன் பாதியாக உருகிவிட்டார் என்று வந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பெரியம்மா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். முழங்கை வரை தடவினாள். அங்கே தடவுவதற்கு அதிகம் இல்லை. தலையைத் தூக்கி நேராகத் தங்கையின் மகளைப் பார்த்தாள்.

"எலயும் தழையும் போட்டு என் தங்கச்சிய உருக்கிட்டியேடி. அவளுக்கு உடம்புல கொஞ்சம் கறி இருந்திருந்தா தாங்கியிருப்பா. நீதான் அவளுக்கு ஒண்ணும் இல்லாம பண்ணிட்ட."

நோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் உடம்பில் சேமிப்பு இருந்தவர்கள் சிகிச்சையைக் கூடுதலாகத் தாங்குவார்கள் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. தன் கையால் நிரப்பிய நீல டப்பாதான் அம்மாவைத் தாங்கமுடியாதவளாக ஆக்கியதா? ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி அதுதான். பெரியம்மா அதை ஊருக்கே கேட்கும்படி கேட்டுவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்கும்போது போட்ட ஊசி இன்னும் தெளியாததுபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

நாற்காலியில் இருந்த அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மதியம் எடுத்தார்கள். தூக்க வந்தவர்கள் முட்டியை மடக்காமல் முதுகை வளைத்துக் குனிந்தார்கள். இப்படித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், முட்டியை மடக்குங்கள், பாரத்தைத் தொடையில் வாங்குங்கள் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிறகு தூக்குவதற்கு அப்படி ஒன்றும் பாரம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. மயானம் பக்கம்தான், எல்லோரும் வண்டிக்குப் பின்னால் நடந்தே போனார்கள். வீட்டில் யாராவது இருக்க வேண்டும், பெரியம்மாவுக்கும் தலை சுற்றுகிறது என்றார்கள். அவள் இருந்தாள். பெரியம்மாவுக்கு மாத்திரை கொடுத்து உள்ளறையில் படுக்க வைத்தாள். கூடத்தைப் பெருக்கினாள். துடைத்தாள். மேசையை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். டம்ளர்களைக் கழுவப் போட்டுக் குழாயைத் திறந்தபோது போன் அதிர்ந்தது.

ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தாள்.

அம்மா. இன்றைய நடை முடிந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா படுத்த பிறகு வெகுநாளாக வராத செய்தி அது. ஏதாவது பழைய செய்தி எங்காவது மாட்டிக்கொண்டு இப்போது வருகிறதோ என்று தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதி. இப்போதைய நேரம். குழாயை மூடிவிட்டு மீதி டம்ளர்களையும் கழுவினாள்.

போனவர்கள் திரும்பி, கைகால் கழுவி, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பெரியம்மாவை அவளுடைய மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். வெயில் தாழ்ந்தபோது வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பா முகம் கழுவச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இடது மணிக்கட்டில் அந்த வாட்ச் இருந்தது.

"காலைல அவ துணி எடுக்க பீரோவத் தொறந்தேன்," என்றார் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "இது உள்ள கெடந்தது. சார்ஜ் போட்டேன். சும்மா கட்டிக்கிட்டேன்."

அவள் தலையசைத்தாள். அதோடு விட்டிருப்பாள். ஆனால் ஆட்களின் உடம்பைப் பார்த்தே பிழைக்கிறவள் அவள். கண் சும்மா இருக்கவில்லை. அவர் முகம் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வாட்சின் வாரில் நுனியை ஒட்டிய கடைசி ஓட்டையில் கொக்கி மாட்டியிருந்தது. அந்த ஓட்டை மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் வார் மடிந்து மடிந்து வெளுத்திருந்தது. உள்பக்கத்து ஓட்டைகள் எல்லாம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தன. அம்மாவின் மணிக்கட்டுக்கு அவள் தன் கையால் மாட்டிவிட்ட ஓட்டை உள்பக்கம் இருந்தது.

"இது உங்க கைக்கு எப்படிப்பா இவ்வளவு பழகியிருக்கு?"

அப்பா கையை விடுவித்துக்கொண்டார். சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டியைத் திறந்து மூடினார். அலமாரியில் தேடி, நீல டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். காலியான டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"உன் பெரியம்மா சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா. உன் சாப்பாடு அவள ஒண்ணும் பண்ணல. எப்படிப் பண்ணும்? அவ அதச் சாப்பிடவே இல்லியே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. முதல் வாரம் அம்மா எப்படியோ தள்ளினாளாம். அதற்குப் பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நாளைக்கு மாற்றிக்கலாமா என்று கெஞ்சினாளாம். நீல டப்பா எடைமேடைக்குப் போனது. சோறும் வறுவலும் வீட்டில் இருந்தன. அந்த வாரமும் எடை இறங்கியது. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒன்றும் பண்ணாமலே குறைகிறதே, எனக்கு யோகம்தான் என்றாளாம். மகள் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்த பிறகு, உண்மையைச் சொல்ல இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. புதிதாகச் சேர்ந்த வேலை, பிள்ளையின் பேர் கெட்டுவிடக் கூடாது. பூங்காவிலும் அதே கதை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே, வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டி, ஓடுங்க, பொண்ணு பாத்துட்டு இருப்பா என்று விரட்டுவாளாம். இவர் சுற்றிச் சுற்றி வருவாராம்.

"மொதல்ல வேண்டாவெறுப்பாத்தான் நடந்தேன். அப்புறம் பழகிடுச்சு. அந்தச் சாப்பாடும் பழகிடுச்சு. சக்கர மாத்திரையப் பாதியாக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீங்க ரெண்டு பேரும் கவனிக்கல." அவர் கால்சட்டையின் இடுப்பை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே இன்னொரு கை போகும். "இது கவலைல எளச்சது இல்லம்மா. அதுக்கு முன்னாடியே எளச்சுட்டேன். அவதான் கேலி பண்ணுவா. படத்துல நிக்க வேண்டியது நீங்க, நான் உங்களுக்குப் பதிலா நிக்கிறேன்னு."

அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மகளுக்குக் கொடுக்க ஒன்று இருந்தது, கொடுத்துவிட்டோம் என்கிற நிம்மதி. பெரியம்மா ஊர் கேட்க வைத்த பழியை அவர் இறக்கி வைத்துவிட்டார். நியாயமாக அவளுக்கு மூச்சு லேசாகியிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் எதையும் குறைக்காமலே எடை இறங்கியதா என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கேட்டார். இப்போது அதற்குச் சரியான பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அன்றே தெரிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் பேரைக் காப்பாற்ற, எடைப் பொறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்பா டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை அவள் பார்த்தாள். எடைமேடையில் உட்கார்ந்து பழகிய மனிதர். ஏறின எடைக்கும் இறங்கின எடைக்கும் கணக்கு இடித்தால் வண்டியை நிறுத்துகிறவர். எங்கே இடிக்கிறது என்று அவருக்கும் தட்டுப்பட ஆரம்பித்துவிட்டது.

"நாங்க அப்பவே உன்கிட்ட சொல்லியிருந்தா..." என்றார். மூடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏதாவது ஆகியிருக்குமா?"

வெளியே யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஜிம்மில் பயந்துபோய் வருகிறவர்களிடம் பேசுகிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு. நிதானமாக, சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் பேசுகிற குரல். அதை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. அந்தக் கட்டி அப்படித்தான். எப்பக் கண்டுபிடிச்சாலும் ஒண்ணுதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. இந்த வீட்டில் ஒருவர் பேரை ஒருவர் காப்பாற்றுவது எப்படி என்று அவளுக்கு இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. கடைசியில் அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, நம்புவது என்று முடிவு செய்தாரா, தெரியவில்லை.

"பசிக்குதுப்பா, இல்ல?"

அவர் வெட்கப்பட்டவர்போல டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். வந்தவர்கள் சமைத்து வைத்துவிட்டுப் போன சோறு அடுப்பின்மேல் பாத்திரம் நிறைய இருந்தது. அதைச் சாப்பிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு முட்டையை அவித்தாள். இருந்த கேரட்டை ஆவியில் வைத்தாள். வெள்ளரியைத் தோல் சீவி வட்டமாக நறுக்கினாள். தினமும் விடியலில் செய்ததுதான், கை தானாகச் செய்தது. டப்பாவை நிரப்பி அவர் முன்னால் வைத்தாள். அவர் முட்டையை இரண்டாகப் பிட்டு, உப்புக் கேட்காமல் சாப்பிட்டார்.

சுவரில் சாய்த்திருந்த படத்தில் துண்டு வலது பாதியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. போனை எடுத்தாள். செய்தி அப்படியே இருந்தது. அம்மா. இன்றைய நடை முடிந்தது. கீழே இரண்டு கைகள். கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

அப்பாவின் மணிக்கட்டு அதிர்ந்தது. அவர் மெல்லுவதை நிறுத்தி அதைப் பார்த்தார். அது அடங்கும்வரை கையை மேசைமேல் அசையாமல் வைத்திருந்தார். அப்புறம் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.